மடிப்பு அவிழாத இரண்டு வருஷம்

என் மூத்தவளின் பள்ளிக்கூட ஸ்கர்ட்டுக்கு உள்பக்கம் மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தோம். வருஷத்துக்கு ஒரு மடிப்பை அவிழ்த்து நீளம் விடுவது என்பது ஏற்பாடு. இரண்டு வருஷம் ஒரு மடிப்பைக்கூட அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பிள்ளை வளரவில்லை என்பதற்குச் சந்தோஷப்பட்ட தாய் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது கொஞ்சம் லேசாக இருக்கும்.

கோவில்பட்டியில் ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். நான் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுகிற பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வது. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் இரண்டு வயசு வித்தியாசம். இரண்டு பேர் சம்பளத்தில் வீட்டுக் கடனும் பள்ளிக்கூட ஃபீஸும் போக மிச்சம் இருப்பதில்தான் சோறு, துணி எல்லாம். சோற்றில் கை வைக்க முடியாது. அதனால் துணியில் வைத்தேன்.

துணி விஷயத்தில் என்னை ஏமாற்ற இன்னொருத்தி பிறந்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். வீட்டுக்காரர் என்னைக் கருமி என்பார். எனக்கு அது பட்டம் கட்டினது மாதிரி இருக்கும்.

வெள்ளை உடுப்பு எங்கள் வீட்டுக்குள் வராது. ஐப்பசியில் மழை பெய்தால் எங்கள் தெருவில் செருப்பே இரண்டு கிலோ கனக்கும். கரிசல் சேறு வெள்ளைத் துணியில் பட்டால் எத்தனை அலசு அலசினாலும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் நின்றுவிடும். ஆகவே கத்தரிப்பூ நிறம், அரக்கு, கரும்பச்சை. பிள்ளைகள் ரோஸ் கலருக்கு அழுதால், அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு கவுன் என் கையில் மூன்று பிறவி எடுக்கும். முதல் வருஷம் கவுன். முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டால் கீழே லெக்கின்ஸ் போட்டு, அதையே டாப்ஸ் ஆக்கிவிடுவேன். அதுவும் இளையவளிடம் போய் வெளுத்துத் திரும்பினால் தலையணை உறை. கழுகுமலையில் இருக்கும் வீட்டுக்காரரின் அக்கா தன் பிள்ளைகளின் பழைய உடுப்புகளைக் கட்டிக் கொடுத்துவிடுவார். அதில் நான் ஒரு வேலை செய்வேன். பட்டனை எல்லாம் மாற்றிவிட்டு, பிட்டுத்துணியில் ஒரு பாக்கெட் வைத்துத் தைப்பேன். பாக்கெட் இருந்தால் பிள்ளைகளுக்கு அது புதுசு. பழசென்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

தீபாவளிக்கு எங்கள் ஆபீஸில் போனஸ் போடுவார்கள். போனஸ் கைக்கு வந்த சாயங்காலம் ஊரே துணிக்கடையில் நிற்கும். அந்தக் கூட்டத்தில் போய் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நான் ஆடியிலேயே எடுத்து வைத்துவிடுவேன். ஆனால் ஆடித் தள்ளுபடிக்குப் போகும் முன்னால் எங்கள் வீட்டில் ஒரு சோதனை உண்டு. போன தீபாவளி உடுப்பை பீரோவிலிருந்து எடுத்து, இரண்டு பேரையும் போட்டுக்கொண்டு வந்து முன்னால் நிற்கச் சொல்வேன். சரியாக இருந்தால் இந்தத் தீபாவளிக்கும் அதுதான். புது லேஸ் மட்டும் வைத்துக் கொடுப்பேன். சின்னதாகியிருந்தால்தான் கடைக்குப் போவது.

சின்னதாகியிருந்தால் ஏசுவேன்.

"ஏட்டி, அதுக்குள்ள வளந்துட்டியா? என்னட்டி அவசரம் ஒனக்கு?"

விளையாட்டாகத்தான். பிள்ளைகளும் சிரிக்கும். ஆனால் பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவர்கள் வளர்வதை நான் ஒரு செலவாகப் பார்த்தேன். கேட்க நன்றாக இல்லைதான். அப்படித்தான் பார்த்தேன்.

மூன்று மடிப்பு ஸ்கர்ட்டை மூத்தவள் மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது தைத்தது. இரண்டு தெரு தள்ளி வீட்டு முன் அறையில் மெஷின் போட்டிருக்கும் ஒரு பெண்தான் எங்களுக்குத் தையல்காரி. என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள். ஒவ்வொரு மடிப்பும் இரண்டு விரல் அகலம். இவ்வளவு துணியை உள்ளே வைத்தால் ஓரம் கனமாகத் தொங்கும் என்று அவள் சொன்னாள். தொங்கட்டும் என்றேன். அவள் தன் அளவு நோட்டில் இடுப்பு, நீளம் எல்லாம் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஜூனில் ஸ்கர்ட்டைப் போட்டுப் பார்த்தால் நீளம் அப்படியே இருந்தது. முழங்காலுக்குக் கீழே எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. இடுப்பில் மட்டும் பிடித்தது. பக்கத் தையலைக் கொஞ்சம் விட்டுத் தைக்கச் சொன்னேன். மடிப்பு மூன்றும் மிச்சம். அந்த ஆடிச் சோதனையிலும் போன தீபாவளிக் கவுன் நீளத்தில் ஒரு விரல்கூடக் குறையவில்லை. மூத்தவள் அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நான் வளரவே இல்லம்மா, பாரு! எனக்குப் புதுசு வேண்டாம்."

நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். "என் சமத்து" என்றேன். இளையவளுக்கு மட்டும் எடுத்தோம். மிச்சமான காசில் ஒரு குக்கர் வாங்கினேன். அந்தக் குக்கர் இன்றைக்கும் அடுப்படியில் இருக்கிறது. அது விசில் அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுற்று ஞாபகம் வரும்.

இப்போது நினைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிபார்மோடு படுத்துத் தூங்கிவிடுவாள். ஓடியாடி அழுக்காக்குவதில்லை, அதுவும் எனக்கு வசதியாக இருந்தது. முகம் கொஞ்சம் ஊதினாற்போல் இருக்கும். பிள்ளை நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறாளே என்று ஆபீஸில் சொல்வார்கள், நானும் பூரித்துப் போவேன். சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் ஃபேனை நிறுத்தச் சொன்ன ஒரே பிள்ளை அவளாகத்தான் இருப்பாள். குளிருதும்மா என்பாள். கரண்டு பில் குறையும் என்று நான் நிறுத்திவிடுவேன். இதற்கெல்லாம் ஒரே காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு லாபம் இருந்தது. லாபத்தை யாராவது சந்தேகப்படுவார்களா?

அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போன ஜூனில் மறுபடியும் ஸ்கர்ட்டைத் தூக்கிக்கொண்டு தையல்காரியிடம் போனேன். மூத்தவளும் கூட வந்தாள்.

"பக்கத் தையல மட்டும் விட்டுக் குடு. கீழ மடிப்பத் தொடாத" என்றேன்.

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்கக்கா."

"ஆமா. அதுக்கென்ன?"

தையல்காரி பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, இடுப்பிலிருந்து டேப்பைப் பிடித்தாள். பிறகு நோட்டைப் புரட்டினாள். நோட்டைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், இன்னொரு தடவை அளந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன எழுதினது இங்கன இருக்குக்கா. இடுப்புதான் கூடியிருக்கு. நீளம் அப்படியே நிக்குது. என் மவனுக்கும் இவ வயசுதான். அவனுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ டவுசர் மாத்துதேன்."

"ஒன் மவன் ஆம்பளப் பிள்ள."

"இந்த வயசுல பொம்பளப் பிள்ளதான்க்கா வெரசா வளரும். ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்களேன்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. இரண்டு வருஷமாகப் புதுத்துணி தைக்கக் கொடுக்கவில்லை, பழசையே விட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த எரிச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தேன். நான் யோசிக்கிற மாதிரிதான் எல்லாரும் யோசிப்பார்கள் என்ற நினைப்பு.

"புதுசு தைக்க ஆர்டர் வேணும்னா நேரடியா கேளு. அதுக்காக எம்பிள்ளைக்குச் சீக்குக் கட்டாத" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிப் போனது. நோட்டை மூடினாள். மறுநாள் ஸ்கர்ட்டைத் தைத்துக் கொடுத்தாள், கூலியை வாங்கிக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நான் அவளிடம் போகவில்லை. பட்டன் தைக்கக்கூட மெயின் பஜாருக்குப் போனேன். அங்கே கூலி ஜாஸ்தி. பஸ்ஸுக்கு வேறு கொடுக்க வேண்டும். இரண்டு ரூபாய் குறைகிறது என்று அடுத்த தெருவில் போய்க் கொத்தமல்லி வாங்குகிற நான், வீம்புக்கு அந்தச் செலவைச் செய்தேன்.

ஆடி வந்தது. சோதனையில் மூத்தவளின் கவுன் நீளத்தில் அப்போதும் சரியாக இருந்தது. ஆனால் அகலத்தில் ஜிப் ஏறவில்லை. தையலில் விடுவதற்கும் துணி இல்லை. சரி, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தரையைத் தொடுகிற மாதிரி நீளக் கவுன் அப்போதுதான் எல்லாப் பிள்ளைகளும் போட ஆரம்பித்திருந்தார்கள். அரக்கு நிறத்தில் ஒன்று எனக்குப் பிடித்தது. இரண்டு பேருக்கும் ஒரே சைஸ் போதும் என்று கண்ணாலேயே தெரிந்தது. ஒரே மாதிரி இரண்டு எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். கேட்டேன்.

துணி எடுத்துப் போடுகிற பெண் சிரித்துக்கொண்டே, "ரெட்டப் பிள்ளைகளாக்கா?" என்றாள்.

"இல்ல, நான் தங்கச்சி" என்று இளையவள் துள்ளினாள்.

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியா! நீதான் அக்கான்னு நெனச்சேன்" என்று இளையவளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

 மூத்தவள் கையில் பிடித்திருந்த கவுனை மேஜையில் வைத்துவிட்டு, மெதுவாக நகர்ந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாள். பிரேயரில் உயரப்படி நிற்க வேண்டும். மூன்று வருஷமாக வரிசையில் அவள்தான் முதல் ஆள். அந்த வருஷம் புதுசாக வந்த டீச்சர் அவளைப் பார்த்துவிட்டு, நீ எந்த கிளாஸ், மூணாங்கிளாஸ் வரிசை அங்கே இருக்கு, போ என்று அனுப்பிவிட்டார்களாம். அவளும் போய் நின்றிருக்கிறாள். பிரேயர் முடியும் வரைக்கும் தங்கச்சிக்கு முன்னால் நின்றிருக்கிறாள்.

"ஏட்டி, நான் அஞ்சாப்புன்னு சொல்ல வேண்டியதுதான?"

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்தாள். சாய்ந்த உடனே தூங்கிப்போனாள். பகல் மூன்று மணி. பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இளையவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்கார மாட்டேன் என்று ஆடிக்கொண்டிருந்தாள். இவள் அந்தச் சத்தத்திலும் அசையவில்லை.  அப்போதுதான் தையல்காரி சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகக் காதில் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்து ரேங்க் கார்டுகளை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் உயரம், எடை என்று இரண்டு கட்டம் இருக்கும். நான் மார்க்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். அந்தக் கட்டத்தை ஒரு நாளும் படித்ததில்லை. மூன்று கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்து அழகாக இருந்தது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, ஊரில் இருக்கிற குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவளை அளந்தார், நாக்கைப் பார்த்தார், கையின் தோலைத் தடவினார். பிறகு என்னைக் கேட்டார்.

"இவளுக்குக் கடைசியா எப்போ உடுப்பு நீளம் பத்தாமப் போச்சு? யோசிச்சுச் சொல்லுங்க. நெறைய பேருக்கு ஞாபகம் இருக்காது."

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எந்த ஜூனில் ஸ்கர்ட் தைத்தது, எந்த ஆடியில் கவுன் எடுத்தது, எந்தப் பொங்கலுக்குப் பாவாடை ஓரத்தைக் கடைசியாக விட்டது, செருப்பு எத்தனை மாதமாக ஒரே சைஸ், எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு கரெக்டா யாரும் சொன்னதில்லம்மா."

பாராட்டாகத்தான் சொன்னார். என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எல்லாம் தெரிந்திருக்கிறது. நாள், மாசம், விரல் அளவு எல்லாம். தெரிந்ததை வைத்துக்கொண்டு நான் குக்கர் வாங்கியிருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று வந்தது. கழுத்தில் இருக்கிற சுரப்பி வேலை செய்யவில்லை, அதனால்தான் வளர்த்தி நின்றுபோயிருக்கிறது, தூக்கம், குளிர், முக வீக்கம் எல்லாம் அதனால்தான் என்றார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. வளருமா என்று கேட்டேன். வளரும், ஆனால் விட்டுப்போனது எல்லாம் திரும்புமா என்பதை மாத்திரை போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை விலை என்ன என்ற கேள்வி வாய்வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு மருந்துக் கடையில் பார்த்தால், அது ஒரு லெக்கின்ஸ் விலைக்குக்கூட வரவில்லை.

வீட்டுக்காரர் அப்போது தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீ பாக்கலன்னா நான் பாத்திருக்கணும்லா? நானுந்தான் தெனமும் அவளத் தூக்குதேன். கனம் தெரிஞ்சது, உயரம் தெரியல" என்றார். 

மாத்திரை டப்பாவைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு நாளும் தவறவிடவில்லை. மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. நான் தினமும் அவளைக் கதவோரம் நிறுத்தி, தாழ்ப்பாளுக்கு நேராகத் தலை வருகிறதா என்று பார்ப்பேன். அவளுக்கு எரிச்சல் வரும். அந்தத் தீபாவளிக்கு இரண்டு பேரும் அந்த அரக்குக் கவுனைத்தான் போட்டுக்கொண்டார்கள். இரண்டும் தரையைக் கூட்டிக்கொண்டு போயின. தெருவில் பார்த்தவர்கள் நீ அக்காவா, நீ அக்காவா என்று கேட்டார்கள். மூத்தவள் மத்தாப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால், அவள் தூங்காமல் தெருவில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். பங்குனியில், புழுக்கமாக இருக்கிறது, ஃபேனை ஐந்தில் வை என்று சண்டை போட்டாள். வைத்தேன். ஓடட்டும் என்று விட்டுவிட்டு அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூனில் ஸ்கர்ட் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு தையல்காரி வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவள்தான் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு, "உள்ள வாங்கக்கா" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். எனக்கு அந்த மாதிரி வார்த்தை எளிதில் வராது. 

"நீங்க ஏசினது எனக்கு மறந்துபோச்சுன்னு சொன்னா அது பொய்க்கா. ஆனா பிள்ள வளந்துட்டால்லா, அது போதும்" என்றாள்.

ஒரு மடிப்பை அவிழ்த்தாள். போதவில்லை. இரண்டாவதையும் அவிழ்த்தாள். மேலே துணி வெளுத்துப்போயிருக்க, கீழே நான்கு விரல் அகலத்துக்குப் புதுத்துணி நிறம் அப்படியே இருந்தது. வழக்கமாக அந்த வித்தியாசம் தெரியாமல் இருக்க ஒரு வரி லேஸ் வைக்கச் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அவள் நோட்டை எடுத்து, பழைய அளவை அடித்துவிட்டுப் புதுசாக எழுதினாள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆடி வந்ததும் பழக்கம் விடவில்லை. பீரோவிலிருந்து அந்த இரண்டு அரக்குக் கவுனையும் எடுத்து, போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். இளையவள்தான் முதலில் வந்தாள். கணுக்கால் தெரிந்தது. "எனக்குச் சின்னதாப் போச்சு, எனக்குப் புதுசு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். மூத்தவள் வெளியே வர நேரமானது. இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு வந்து, கதவோரமாக நின்றாள்.

கவுன் தரையைத் தொட்டது.

 போன தீபாவளிக்கு எப்படித் தரையைக் கூட்டியதோ அப்படியே கிடந்தது. அப்படியானால் மாத்திரை? ஜூனில் அவிழ்த்த இரண்டு மடிப்பு? நான்தான் ஆசையில் என்னென்னவோ பார்த்தேனா? உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட வேண்டும் என்று எழுந்தேன். எழுந்த பிறகுதான் அவள் தலையைப் பார்த்தேன். காலையில் தாழ்ப்பாளுக்கு மேலே போயிருந்த தலை, இப்போது தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. இரண்டு கையாலும் கவுனைப் பிடித்திருந்தாள். கவுனுக்குள்ளே கால் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

முழங்காலை மடக்கி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, நிமிந்து நில்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். கவுனின் ஓரம் தரையை விட்டு எழுந்து, பாதத்தைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி மேலே போனது.

"ஏசாதம்மா" என்றாள். "வேணும்னு வளரல. இந்தத் தீபாவளிக்கும் இதையே போட்டுக்கிடுதேன்."

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவள் பாதத்துக்கும் கவுன் ஓரத்துக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் அடங்கி, மிச்சம் இடம் இருந்தது. அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய் மறுபடியும் மடங்கப் பார்த்தாள். இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் மடக்கித்தான் வைத்திருந்தாள்.

"இன்னும் நிமிருட்டி" என்றேன்.